தரையில் நான்கு ஓட்டை

இதை நானே சொல்லிவிடுவது நல்லது. தென்காசி ஒர்க்‌ஷாப்புகளில் ஏற்கெனவே சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் சொல்வதில் என் முட்டாள்தனம் கொஞ்சம் குறைவாகத் தெரிகிறது.

கால் நூற்றாண்டுக்கு மேல் மோட்டார் இன்ஷூரன்ஸ் சர்வேயராக இருப்பவன் நான். அடுத்தவர் வண்டியின் பானெட்டைத் திறந்து, மேட்டைத் தூக்கி, ஸ்டெப்னியை இறக்கி, அடியில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தே வயிறு வளர்த்தவன். அப்படிப்பட்டவன் எனக்கென்று ஒரு பழைய ஹேட்ச்பேக் வாங்கியபோது இதில் ஒன்றைக்கூடச் செய்யவில்லை. ஒரு சுற்று ஓட்டினேன். ஏசி குளிர்ந்தது. வாங்கிவிட்டேன்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் யாராவது படிக்கக்கூடும் என்பதால் ஒரு விளக்கம். க்ளெய்ம் வந்த வண்டியைப் போய்ப் பார்த்து, எது இந்த விபத்தில் உடைந்தது, எது போன வருஷமே உடைந்து இந்த விபத்துக்காகக் காத்திருந்தது என்று பிரித்து ரிப்போர்ட் எழுதுவதுதான் சர்வேயர் வேலை. சந்தேகம் என்பது எங்களுக்கு ஸ்பானர் மாதிரி. வேலை முடிந்ததும் பையில் போட்டு மூடிவிட வேண்டும். எனக்கு அந்தப் பை எங்கோ தொலைந்துவிட்டது.

கோமதிநாயகம் அண்ணாச்சியும் வராத மாடும்

என் அனுபவத்தில் பாதி விபத்துகளுக்கு மாடுதான் காரணம். "மாடு குறுக்கே வந்தது, பிரேக் அடித்தேன்" என்று எழுதாத க்ளெய்ம் பாரம் அபூர்வம். நான் படித்த பாரங்களில் குறுக்கே வந்த மாடுகளையெல்லாம் ஒன்றாக ஓட்டி வந்தால் எந்தச் சந்தையும் கொள்ளாது.

ஒரே ஒரு மனிதர் மட்டும் வேறு மாதிரி சொன்னார். குற்றாலத்தில் சின்னதாக ஒரு லாட்ஜ் நடத்தும் கோமதிநாயகம் அண்ணாச்சி. அவருடைய அப்போதைய வண்டி ஒரு புளியமரத்தில் மோதியிருந்தது.

"மாடு வந்துச்சா அண்ணாச்சி?" என்று நானே எடுத்துக் கொடுத்தேன்.

"மாடும் வரல, ஆடும் வரல தம்பி. புரோட்டாவத் தின்னுட்டு வந்தேன், கண்ணசந்துட்டேன். மரம் அங்கனயேதான் நின்னுச்சு."

இத்தனை வருஷத்தில் என்னிடம் உள்ளதை உள்ளபடி சொன்ன முதல் ஆள். அன்றிலிருந்து எனக்கு அவர்மேல் ஒரு சந்தேகம். இவ்வளவு பச்சையாக உண்மை பேசுகிறவர் பின்னால் ஏதோ பெரிதாக வைத்திருக்கிறார் என்று பட்டது.

போன வருஷம் சீசனுக்கு முன்னால் எனக்கு முட்டுவலி வந்தது. சாரலில் ஸ்கூட்டர் ஓட்டக்கூடாது என்றார் டாக்டர். தினப்படி வேலைக்கு ஒரு கார் வேண்டும். நானும் என் மனைவி செல்வியும் வண்டி பார்க்கக் கிளம்பினோம். திருவேங்கடத்தில் ஒரு வண்டி. கதவில் பெயின்ட் ஒரு மயிரிழை தடிமனாக இருந்தது. அடிபட்டு மறுபடி பெயின்ட் அடித்த வண்டி, வேண்டாம் என்றேன். சுந்தரபாண்டியபுரத்தில் ஒரு வாத்தியார் வண்டி. ரேடியேட்டர் இடுக்கில் சூரியகாந்தி இதழ் கிடந்தது. சூரியகாந்தித் தோட்டத்தில் சினிமா எடுக்க வருகிறவர்களுக்கு வாடகைக்கு ஓடிய வண்டி, வாத்தியார் மறைக்கிறார் என்று முடிவு கட்டினேன். அவர் வீட்டைச் சுற்றி நாலாபக்கமும் சூரியகாந்தித் தோட்டம் இருப்பதைச் செல்வி கையை நீட்டிக் காட்டினாள்.

"வசதியா வீடு கட்டிருக்காரு" என்றேன்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றிவிட்டுச் சொன்னாள்: "அடுத்த வண்டிய நீங்க குனிஞ்சு பாக்கக் கூடாது. முட்டு வலிக்குன்னுதானே காரே வாங்குதோம்? பொறவு எதுக்கு ஒவ்வொருத்தன் வண்டிக்கு அடியிலயும் போய்ப் படுக்குதிய?"

அடுத்த வண்டி கோமதிநாயகம் அண்ணாச்சியுடையதாக அமைந்தது. மகன் அவருக்குப் புது வண்டி எடுத்துக் கொடுத்திருந்ததால் பழையதை விற்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனோம். வெள்ளை ஹேட்ச்பேக், ஒரே ஓனர். நான் குனியவில்லை. செல்வி பக்கத்திலேயே நின்றாள்.

மைதீன் கடையில்

வாங்கிய மறுவாரம் வண்டியைக் கொஞ்சம் நம் வசதிக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று மைதீனிடம் விட்டேன். மைதீன் என் பழைய பழக்கம். மெக்கானிக் வேலையும் பார்ப்பான், ஆக்சசரீஸும் போடுவான். நான் கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை. சாரலில் ரோடு தெரிய எல்.இ.டி. பல்ப், கழுத்தைத் திருப்ப முடியாதவனுக்கு ஒரு ரிவர்ஸ் கேமரா, ரெக்சின் சீட் கவருக்குப் பதில் துணிக்கவர், பிறகு தரைக்குச் செவன்-டி மேட். தெரியாதவர்களுக்கு: செவன்-டி மேட் என்பது வண்டியின் தரைக்கென்றே அளவெடுத்துத் தைத்த மெத்தை மாதிரி. நாலு ஓரமும் தட்டு போல ஏறி நிற்கும்.

மேட் போட முன்சீட்டைக் கழற்ற வேண்டும். மைதீன் கழற்றினான். பழைய மேட்டைச் சுருட்டினான்.

"சார், இங்கன கொஞ்சம் வாங்க."

குனிந்தேன். செல்வி இல்லை.

தரைத் தகட்டில் நான்கு ஓட்டை. ஓட்டை வழியாக மைதீன் கடையின் ஆயில் படிந்த சிமென்ட் தரை தெரிந்தது. இவை கம்பெனியே விட்டிருக்கும் வடிகால் ஓட்டைகள்தான். ஆனால் ரப்பர் மூடி போட்டு இறுக்கியிருப்பார்கள். அதைக் கழற்றவேண்டிய காரணம் ஒன்றே ஒன்று: உள்ளே நிற்கும் தண்ணீரை வெளியேற்ற. காருக்குள் தண்ணீர் எப்போது நிற்கும்?

"வெள்ளத்துல முங்குன வண்டியா சார்?" என்றான் மைதீன்.

"பைய பேசும் வே."

கீழே ஆற்றுப்பக்கத்து ஊர்களில் வெள்ளம் வந்த வருஷம் எத்தனையோ வண்டிகள் கழுத்தளவு முங்கின. அவற்றைக் காயவைத்து, சென்ட் அடித்து, ஒன்றும் தெரியாதவர்கள் தலையில் கட்டியதை நான் அறிவேன். கண்டுபிடிக்கும் வழிகளை இளம் சர்வேயர்களுக்கு வகுப்பெடுத்ததே நான்தான். இப்போது அதே பாடத்தை என் வண்டியில் நடத்தினேன்.

சீட் ரெயில் போல்ட்டில் துரு. சரி. சீட் பெல்ட்டை முழுதாக வெளியே இழுத்துப் பார்த்தேன். முன்னிரண்டு பெல்ட்டிலும் மார்புக்கு வருகிற இடத்தில் பழுப்புக் கறை. சரி. பின்சீட் பெல்ட்டுகளை இழுத்தால் கடையிலிருந்து வந்த மாதிரி பளிச்சென்று இருந்தன.

"வெள்ளம்னா பின்னாலயும் கறை இருக்கணும்லா சார்?"

"பின்னால மட்டும் பெல்ட்ட மாத்திருக்காரு."

"மாத்துதவன் எல்லாரும் பாக்குத முன்பெல்ட்டல்லா மாத்துவான்?"

"அங்கதான் இருக்கு அவரு மூளை" என்றேன். மைதீன் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஸ்பானரைத் துடைத்தான்.

உள்ளே ஒரு வாசனை வேறு. மூலிகை எண்ணெயும் கற்பூரமும் கலந்த மாதிரி. எதையோ அமுக்குவதற்கு அடித்த வாசனை என்று குறித்துக்கொண்டேன். கடைசியாக டேஷ்போர்டு டப்பாவைத் திறந்தேன். ஒரு தீப்பெட்டி. அதற்குள் நான்கு ரப்பர் மூடி.

கள்ளன் சாவியை விட்டுவிட்டுப் போன மாதிரி இருந்தது எனக்கு.

அண்ணாச்சிக்குப் போன் போட்டேன். குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு, "வண்டிக்குள்ள ஈரம் கீரம் பட்டிருக்கா அண்ணாச்சி?" என்றேன்.

"படாம இருக்குமா தம்பி? குத்தாலத்து வண்டில்லா!" என்று சிரித்தார்.

ஒரு நொடி யோசிக்கவில்லை. கேள்வி வரும் என்று தெரிந்து பதிலைத் தயாராக வைத்திருந்தவர்தான் இப்படிச் சிரிக்க முடியும். சந்தேகம் தீர்ந்தது. அதாவது, உறுதியானது.

மறைப்பு வேலை

இங்கே என் நிலைமையைச் சொல்ல வேண்டும். வெள்ள வருஷத்தில் "கேபினுக்குள் தண்ணீர் ஏறிய அடையாளம் இல்லை" என்று நான் ஒரு வரி எழுதியதால் க்ளெய்ம் கிடைக்காமல் போனவர்கள் உண்டு. என்னிடம் சண்டைக்கு வந்தார்கள், கெஞ்சினார்கள். நான் அசையவில்லை. என் கண் தப்பாது என்பதுதான் அந்த ஒரு வரிக்கு இருந்த பலம். அந்தக் கண் தன் சொந்த வண்டியில், தன் காலடியில், நான்கு ஓட்டையைப் பார்க்கவில்லை என்று வெளியே தெரிந்தால் அப்புறம் என் ரிப்போர்ட்டை எவன் மதிப்பான்? "சார், மொதல்ல ஒங்க வண்டில ஏறுன தண்ணியப் பாத்தியளா?" என்று கேட்பார்கள். கேட்கவும் வேண்டும். அவர்கள் இடத்தில் நான் இருந்தால் கேட்டிருப்பேன்.

வண்டியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், அதுவும் சத்தமில்லாமல் என்று முடிவு செய்தேன். ஆர்.சி. இன்னும் அண்ணாச்சி பேரில்தான் இருந்தது. அதுவரை மைதீன் கடைக்கு வந்துபோகும் வேறு எந்தக் கண்ணும் அந்த ஓட்டைகளைப் பார்க்கக் கூடாது.

"மூடியப் போட்டு, மேல சீலன்ட் பசை பூசு. அதுக்கு மேல ரப்பர் ஷீட்டு ஒட்டு. அதுக்கு மேல செவன்-டி. துரு தெரியாம ரெயிலுக்குக் கறுப்பு அடி."

"திருப்பிக் கொடுக்கப் போற வண்டிக்கா சார்?"

"சொன்னதச் செய்யும்."

"வாசனைக்கு என்ன செய்ய?"

"ஏதாவது சென்ட் வைய்யி."

சாயங்காலம் வண்டியை எடுத்தேன். தரை சொட்டுத் தண்ணீர் இறங்காதபடி இறுகியிருந்தது. கண்ணாடியில் எலுமிச்சை வாசனைச் சென்ட் தொங்கியது. வெள்ளத்தில் முங்கிய வண்டியை விற்கத் தயார் செய்கிறவன் என்னவெல்லாம் செய்வான் என்று நான் வகுப்பில் சொல்லிக் கொடுப்பேனோ, அது ஒன்று விடாமல் செய்து முடித்திருந்தேன். அப்போது அது எனக்கு உறைக்கவில்லை.

ஐந்தருவி

மறுநாள் விடிந்ததும் வெள்ளனக் குற்றாலம் போனேன். அண்ணாச்சியிடம் சொல்லவேண்டியதை வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். நல்ல இலக்கணமாக வந்தது. லாட்ஜில் கேட்டால், "அண்ணாச்சி அருவிக்குப் போயிருக்காங்க. தண்ணி விழுந்தா தினமும் போவாங்க" என்றார்கள். ஐந்தருவிக்கு விட்டேன்.

பார்க்கிங்கில் அண்ணாச்சியின் புது வண்டி நின்றது. நான் இறங்கவும் அவரும் அவர் கூட்டாளிகள் மூன்று பேரும் அருவியிலிருந்து வரவும் சரியாக இருந்தது. இடுப்பில் ஈரத்துண்டு, தலையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது, தேய்த்துக் குளித்த மூலிகை எண்ணெய் முழுக்கப் போகாமல் மார்பும் முதுகும் மினுமினுக்கின்றன. வாசனை எனக்கு முன்பே பழக்கமான வாசனை.

புது வண்டியின் கதவைத் திறந்தார். சீட் முழுக்க உரச்சாக்கைக் கிழித்து விரித்திருந்தது. நாலு பேரும் சாக்கின்மேல் பார்த்துப் பார்த்து ஏறினார்கள், கோழி முட்டைமேல் உட்காருகிற மாதிரி.

"எய்யா, வாங்க தம்பி! பாருங்க எங்க பாட்ட. புது வண்டில ஈரம் பட்டா மவன் ஏசுதான். நம்ம பழைய வண்டின்னா ஒரு கவலை கிடையாது. சொட்டச் சொட்ட ஏறி உக்காந்துருவோம். கீழ நாலு மூடியையும் கழட்டிட்டேன்லா, தண்ணி அது பாட்டுக்கு ஓடிரும். நின்னாதான தம்பி வண்டி கெடும்?"

அண்ணாச்சி முன்சீட்டில் உட்கார்ந்து பெல்ட்டை இழுத்து எண்ணெய் மார்பின் குறுக்கே மாட்டினார். பக்கத்து சீட்காரரும் மாட்டினார். பின்னால் இருந்த இரண்டு பேரும் மாட்டவில்லை. நம் ஊரில் பின்சீட்டில் எவன் பெல்ட் மாட்டினான்?

"மூடி நாலும் டப்பாவுல தீப்பெட்டிக்குள்ள இருக்கு, பாத்தியளா? சீசன் முடிஞ்சா மாட்டிக்கிடலாம். அன்னைக்கே சொல்லணும்னு இருந்தேன். நீங்க வண்டியக் குனிஞ்சே பாக்கலையே, ஏறி ஓட்டிட்டுப் போயிட்டிய. சர்வேயரு நம்மள இப்படி நம்புதாரேன்னு இவன்கிட்டகூடச் சொன்னேன்."

ஐந்து பிரிவாக விழுகிற தண்ணீர்ச் சத்தத்தில், நான் வழியெல்லாம் கட்டி வைத்திருந்த வாக்கியங்கள் ஒவ்வொன்றாகக் கரைந்தன.

"ஆமா, வெள்ளன எங்க இந்தப் பக்கம்?" என்றார்.

அந்த நேரத்தில் அந்த இடத்தில் ஒரு மனிதன் நிற்பதற்கு ஒரு காரணம்தான் இருக்க முடியும். "குளிக்கத்தான் அண்ணாச்சி" என்றேன்.

"துண்டு?"

"மறந்துட்டேன்."

அவருடைய துண்டைப் பிழிந்து கொடுத்தார். கூட்டாளி ஒருவர் குப்பியில் மிச்சமிருந்த எண்ணெயை என் தலையில் கவிழ்த்தார். நான் போய் அருவியில் நின்றேன். முட்டில் தண்ணீர் விழுந்தபோது சுகமாக இருந்தது என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். திரும்பி வந்தபோது நாலு பேரும் புது வண்டியிலிருந்து இறங்கி என் வண்டியைச் சுற்றி நின்றார்கள், பிரிந்த மாட்டைக் கண்ட மாதிரி.

"புது மேட்டு, கேமரா எல்லாம் போட்டு ஜோரா வச்சிருக்கிய. கீழ நம்ம ஓட்டை இருக்குல்லா?"

இந்த இடத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "அடைத்துவிட்டேன்" என்றால், "ஏன்?" என்பார். அந்த "ஏன்" இருக்கிறதே, அதற்கு என்னிடம் பதில் இருந்தது. அதைச் சொல்லும் முகம்தான் இல்லை. என்னை நம்பிய ஒரே க்ளெய்ம்காரரிடம், "உம்மைக் களவாணி என்று நினைத்தேன்" என்று எந்த இலக்கணத்தில் சொல்வது?

"இருக்கு அண்ணாச்சி."

"அப்பம் இனிமே இதுலயே வந்துருவோமே. நீங்கதான் தினமும் வாரியள்லா?"

ஒரு சீசன்

வந்தார்கள். தண்ணீர் விழுந்த நாளெல்லாம் வந்தார்கள். நான் தென்காசியிலிருந்து போய் லாட்ஜ் வாசலில் அவர்களை ஏற்றிக்கொண்டு அருவிக்குப் போவேன். சொட்டச் சொட்டத் திரும்புவோம். அப்புறம் வீட்டுக்கு வந்து சட்டை மாற்றிக்கொண்டு, அதே வண்டியில் அடுத்தவன் வண்டியைச் சந்தேகப்படக் கிளம்புவேன். ஆர்.சி.யும் என் பேருக்கு மாறிவிட்டது. முட்டுவலி பாதி போயிற்று. அண்ணாச்சியின் பேச்சு காலையிலேயே காபி குடித்த மாதிரி இருக்கும். இந்த வயதில் புதிதாகச் சிநேகிதர்கள் கிடைப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை.

மைதீனிடம் ஓடிப்போய் ஓட்டையைத் திறக்கச் சொல்லியிருக்கலாம் என்று நீங்கள் கேட்கலாம். சொன்னால் மைதீனும் "ஏன்?" என்பான். அவனிடம் நான் அந்த அண்ணாச்சியைப் பற்றி என்னவெல்லாம் சொல்லியிருந்தேன்! செவன்-டி மேட் மேலே காய்ந்துதான் தெரிந்தது. மேலே காய்ந்திருந்தால் கீழேயும் காய்ந்திருக்கும் என்று நம்பினேன். அந்த வண்டியை வாங்கியதை விட்டால், என் வாழ்நாளில் எந்தச் சோதனையும் செய்யாமல் நான் நம்பிய விஷயம் இது ஒன்றுதான்.

ஐப்பசி அடைமழையில் வண்டிக்குள் ஒரு நாற்றம் கிளம்பியது. எலுமிச்சைச் சென்ட்டை இரண்டாக்கினேன். நாற்றம் எலுமிச்சையோடு சேர்ந்து புதிதாக ஒன்றானது.

"வண்டிக்குள்ள எலி கிலி செத்துக் கெடக்கா?" என்றாள் செல்வி.

"மழைக்காலம்லா" என்றேன்.

"மழை வெளியலா பெய்யுது?"

இந்த வருஷம் சீசன் தொடங்கும் சமயத்தில் ஏர்பேக் விளக்கு எரிந்தது, அணையவில்லை. மைதீனிடம் விட்டேன். அவன் முன்சீட்டைக் கழற்றி, செவன்-டியைத் தூக்கி, ஷீட்டை உரித்தான். ஷீட் வரும்போது ஒரு சத்தம் வந்தது, வயலில் நடவுக்காரர்கள் காலைப் பிடுங்குவது போல. கீழே தண்ணீர் தளதளவென்று நின்றது. அதில் மூலிகை எண்ணெய் மிதந்தது. சீட்டுக்கு அடியில் இருந்த ஏர்பேக் ஒயர் கனெக்டர் பச்சை பூத்திருந்தது. சீட் ரெயில் கையோடு வந்தது. பக்கத்தில் வேறு வண்டிக்குச் சர்வே போட வந்திருந்த என் சக சர்வேயர் ஒருவர், நான் தடுப்பதற்குள் எட்டிப் பார்த்து, சீட் பெல்ட்டை முழுதாக இழுத்து, நான் வகுப்பில் காட்டியபடியே கறையைத் தடவிப் பார்த்தார். பெல்ட்டைப் பக்குவமாகச் சுருளவிட்டுவிட்டுக் கிளம்பினார். தொழில் தெரிந்தவர்.

புதிதாக வருகிறவர்களுக்கு இதிலிருந்து ஒரு பாடம் சொல்ல வேண்டும் என்று அங்கேயே நின்று யோசித்தேன். வண்டியைச் சந்தேகப்படுங்கள், அது வாங்குகிற சம்பளத்துக்கு. கூடவே, வண்டி கொடுத்தவரிடம் ஒரு வார்த்தை நேராகக் கேட்டுவிடுங்கள். பதிலை நம்பியும் பாருங்கள். இதை மைதீனிடமும் சொன்னேன், அண்ணாச்சி கதை முழுவதையும் சேர்த்து. ஒரு வருஷத்துக்குப் பிறகு அவனிடம் அதைச் சொன்னது மனசுக்கு லேசாக இருந்தது.

மைதீன் முழுக்கக் கேட்டான். குனிந்து, ஸ்க்ரூடிரைவரால் சீலன்ட்டைக் குத்திக் கிளறி, ஒரு மூடியைப் பிடுங்கினான். தண்ணீர் சிமென்ட் தரையில் கொட்டி ரோடு வரைக்கும் ஓடியது.

"அப்பம் நீங்க மொதல்ல சொன்னது சரிதான் சார், வெள்ளம் ஏறுன வண்டிதான்" என்றான். "என்ன, கொஞ்சம் முந்திச் சொல்லிட்டிய."